வெண்டல் கிரம்மும் காற்று மூலையும்

வெண்டல் கிரம் என்று ஒரு அமெரிக்காக்காரன். அவனை நான் நேரில் பார்த்ததில்லை, அவன் ஆடிய ஆட்டத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் கண்டெய்னருக்குக் கண்டெய்னர் எங்கள் பெண்களுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். இத்தனை வயசில் எனக்காக இவ்வளவு செய்த ஆம்பளை வேறு யார் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒருத்தரும் தேறவில்லை.

என் பேர் செங்கொடி. வீடு வியாசர்பாடி. வேலை சாத்தாங்காட்டுக்குப் பக்கத்தில், மஜீது பாயின் காகித குடோனில். அமெரிக்காவில் தூக்கிப் போடுகிற காகிதம் பேல் பேலாக, இரும்புப் பட்டை போட்ட பெரிய கட்டுகளாக, கப்பலேறி நம்ம துறைமுகத்துக்கு வரும். அப்புறம் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளோடு நின்று நின்று நகர்ந்து, கடைசியில் எங்கள் காலடியில் வந்து விழும். அட்டை தனி, வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்துக் கட்டிக் கொடுத்தால் பேப்பர் மில்லுக்குப் போகும். பிரிக்கிறதில் இரண்டு செட்டு. பெண்கள் செட்டுக்கு நான் மேஸ்திரி, ஆண்கள் செட்டுக்கு எத்திராஜ். எத்திராஜ் திருவொற்றியூர்க்காரன். வாய் ஜாஸ்தி, வேலையில் கெட்டி. நல்லவன்தான், ஆனால் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அப்புறம் ஒரு வாரம் அவனைத் தாங்க முடியாது.

குடோன் முழுக்கத் தகரக் கூரை. இருப்பது ஒரே ஒரு பெரிய ஜன்னல், கிழக்குப் பக்கம். வெயில் ஏறின பிறகு கடல் காற்று எழும்பினால், அந்த மூலையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் அது. மற்ற இடமெல்லாம் காகிதத் தூசி. மூக்கில் தூசி, காதில் தூசி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அதிலும் தூசி. காற்று மூலை யாருக்கு என்று ஒரு தடவை பேல் இழுக்கிற கொக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அளவுக்குச் சண்டை வந்தது. அதற்கப்புறம்தான் சீட்டு ஆடித் தீர்த்துக்கொள்வது என்று எங்களுக்குள் முறை வைத்துக்கொண்டோம். புதுக் கண்டெய்னர் வருகிற நாள், பேல் இறக்க இடம் விட்டு எல்லாப் பலகையையும் வாசல் பக்கம் ஒதுக்கிவிட்டு ஆட்டம். ஜெயித்த செட்டுக்கு அடுத்த கண்டெய்னர் வரும்வரை மூலை. தோற்றவர்கள், ஜெயித்தவர்கள் உட்கார்ந்து காகிதம் பிரிக்கிற பலகைகளைத் தாங்களே தூக்கிப்போய் மூலையில் போட வேண்டும்.

சீட்டு என்றால் ராஜா ராணி சீட்டு இல்லை. பேலின் இரும்புப் பட்டையை வெட்டியதும் காகிதம் பொலபொலவென்று சரியும். அதில் எப்போதாவது உள்ளங்கை அளவுக்கு அட்டைகள் வந்து விழும். முன்பக்கம் தொப்பி போட்ட ஒருத்தன் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் நம்பர்கள். பேஸ்பால் என்று அங்கே ஒரு ஆட்டம், அதை ஆடுகிறவர்களின் படம். அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைச் சேர்த்துச் சேர்த்து வைக்குமாம். பிள்ளை வளர்ந்து வீட்டை விட்டுப் போனதும் அம்மாக்காரி ஒட்டடை அடித்து, பெட்டியோடு குப்பையில் போட்டிருப்பாள். எந்த ஊர் அம்மாவும் அப்படித்தான் போல.

முதல் கார்டை நான் எடுத்துச் செருகிக்கொண்டபோதே மஜீது பாய் பார்த்துவிட்டார். குடோனில் ஒரு சட்டம் உண்டு. பேலிலிருந்து காசோ சாவியோ பேனாவோ விழுந்தால் எடுத்தவருக்குச் சொந்தம். காகிதம் விழுந்தால் பாய்க்குச் சொந்தம், அவர் எடை போட்டு விற்பதே அதைத்தானே.

"ஏம்மா செங்கொடி, அதுவும் காகிதம்தானே?" என்றார்.

"காகிதம்தான் பாய். எடைக்கு எடை நான் வேற காகிதம் போட்றேன். தராசுல வெச்சுப் பாத்துக்கோ."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து ஒரு கார்டு எடுத்தால் அதே எடைக்கு என் வீட்டுக் காகிதம் பேலுக்குள் போகும். சோப்பு அட்டை, பழைய காலண்டர், எல்லாம் போகும். கல்யாணப் பத்திரிகைதான் ரொம்ப லாபம். தடி அட்டையில் அடித்த பத்திரிகை ஒன்று போட்டால் நாலு ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டு வரலாம். எங்கள் தெருவில் யார் பத்திரிகை வைத்தாலும் நான் முதலில் அட்டையைத் தடவிப் பார்ப்பது அதனால்தான். மரியாதை தெரியாதவள் என்று பேர் வந்தது, வரட்டும்.

இப்படி இரண்டு பிஸ்கட் டின் நிறைய ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பழைய ஆட்கள். சில கார்டு என்னைவிட வயசில் மூத்தது. பத்தாவது வரைக்கும் படித்த இங்கிலீஷை வைத்துப் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி, எந்த ஊருக்கு ஆடினான், எத்தனை ஆட்டம் என்று. படிக்கப் படிக்க ஆள் பிடிபட்டுவிடுவான். ஒருத்தன் ஒரே வருஷத்தில் மூன்று ஊர் மாறியிருப்பான், எங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள் மாதிரி. ஒருத்தனுக்கு நடுவில் இரண்டு வருஷம் நம்பரே இருக்காது, பட்டாளத்துக்குப் போய்விட்டான் என்று போட்டிருக்கும். திரும்பி வந்த பிறகு பழைய ஆட்டம் அவனுக்கு வரவில்லை என்பது அடுத்த வரியிலேயே தெரியும். ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் ஒருத்தன் வான்கோழி வளர்ப்பான், ஒருத்தன் சவப்பெட்டிக் கடையில் வேலை பார்ப்பான். படத்தில் பார்த்தால் கலெக்டர் மாதிரி இருப்பான்கள். பின்னால் திருப்பினால் நம்ம ஆள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். அதை வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆட்டம் ரொம்பச் சுலபம். பந்தை எறிகிறவர்களின் கார்டு என்று தனியாக ஒரு ஜாதி உண்டு. அதன் கடைசி வரியில், கடைசிக் கட்டத்தில் புள்ளி வைத்த ஒரு நம்பர் இருக்கும். அது என்ன நம்பர் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மல்யுத்தக்காரன் படம் போட்ட சீட்டு வைத்து ஆடும், அதில் பெரிய எடை சின்ன எடையை அடித்துவிடும். அது மாதிரி பெரிய நம்பர்தான் ஜெயிக்கும் என்று நாங்களும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு செட்டும் காலையிலேயே ஐந்து கார்டை அடுக்கி ஒரு டப்பாவில் போட்டு மஜீது பாயிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் மாற்றக் கூடாது. சாப்பாட்டு வேளையில் அவர் இரண்டு டப்பாவிலிருந்தும் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். ஐந்தில் மூன்று ஜெயித்தால் மூலை.

எத்திராஜ் ஆட்கள் பெரிய நம்பரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இரண்டு, மூன்று என்று ஆரம்பிக்கிற சில்லறைக் கார்டெல்லாம் அவர்களுக்குக் குப்பை. பத்துச் சில்லறை தருகிறேன், ஒரு பெரிசு கொடு என்று வந்து மாற்றிக்கொண்டு போவார்கள். நான் சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொள்வேன். எனக்கு ஆட்கள்தான் வேண்டும், நம்பர் அப்புறம்.

வெண்டல் கிரம் அந்த ஜாதியில் பெரிய தலை. விரிந்த காது, கோணல் சிரிப்பு. ஐந்து வரி, ஐந்து வருஷம், குளிர்காலத்தில் அப்பாவோடு கிணறு தோண்டப் போவான். கடைசிக் கட்டத்தில் 9.84. அப்படி ஒரு நம்பர் அந்தக் குடோனில் எவனிடமும் இல்லை. நான் பேரைப் படித்துக் காட்டியதும் எங்கள் செட்டுப் பச்சையம்மா அக்கா, "இன்னாது, வெண்டக்காயா?" என்றாள். அதிலிருந்து அவன் வெண்டைக்காய். எங்கள் அடுக்கில் எப்போதும் கடைசிக் கார்டு அவன்தான். அவன் வந்து ஆட்டத்தை முடித்து வைப்பான், நாங்கள் விசில் அடிப்போம்.

அவனுடைய வேறு இரண்டு வருஷத்துக் கார்டும் என்னிடம் உண்டு. அதில் முதல் வருஷத்துக் கார்டு எத்திராஜுக்குத்தான் கிடைத்தது. இளந்தாரியாக, மீசைகூடச் சரியாக முளைக்காத வெண்டைக்காய். பின்னால் ஒரே ஒரு வரி, ஒரே ஒரு ஆட்டம், கடைசிக் கட்டத்தில் 0.00.

"இன்னா செங்கொடி, உன் வெண்டக்கா முட்ட போட்டுகீறான்! இந்தா, ஆம்லெட் போட்டுத் துன்னு!" என்று அதை என் மேல் விசிறினான். அவன் செட்டு முழுக்கச் சிரித்தது. நான் குனிந்து எடுத்து, துடைத்து, டின்னில் வைத்துக்கொண்டேன்.

இப்போது பச்சையம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரி. மீன் கூடை சுமந்து ஊரெல்லாம் விற்றவள், அந்தக் குரலுக்குத் தெருவே எழுந்து உட்காரும். இரண்டு வருஷமாக அவளுக்கு மூச்சு இழுக்கிறது. தூசியில் உட்காராதே, காற்று படுகிற இடத்தில் இரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு தடவை நாங்கள் தோற்று மூலையை விட்டோம். அந்தக் கண்டெய்னர் முடிகிறவரைக்கும் அவள் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு வேலை செய்ததையும், கழிவறைப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

பாயிடம் சொல்லலாமே என்றால் முடியாது. மூச்சு இழுக்கிறது என்று தெரிந்தால், "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார், அதோடு அவள் வேலை போய்விடும். எத்திராஜிடம் சொல்லலாம் என்று ஒருமுறை நான் ஆரம்பித்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவன்கிட்டயும் என் மூச்ச வெச்சுப் பிச்ச எடுக்காத. ஆடி எடு. முடியலன்னா வுடு."

அதனால் ஆடித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாயிரத்து இரண்டு, கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். புதுக் கண்டெய்னர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது, காலையில் வந்துவிடும் என்று சேதி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் எத்திராஜ் என்னிடம் வந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"மே, உன் டின்ல சில்லறக் கார்டு நெறைய கீதுல்ல? ஒரு நாலு குடேன். பெரிசு ரெண்டு தரேன், ஏழு போட்டது."

"சில்லற இன்னாத்துக்குய்யா உனக்கு?"

"பொண்ணு வெளையாடக் கேக்குது."

"உன் பொண்ணுக்கு இன்னா, படம்தானே வோணும்? அந்த ஏழு போட்டதையே குட்த்து வெளையாடச் சொல்லு."

அவன் ஏதோ முனகிவிட்டுப் போய்விட்டான். நான் குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறதா என்று ஒருத்தன் சும்மா கேட்பது மாதிரிக் கேட்டால், அதில் வெள்ளி எடுக்கத் தெரிந்தவன் என்று அர்த்தம். குப்பையைத் தேடி ஆள் வந்துவிட்டால், குப்பைக்கு எங்கேயோ விலை ஏறிவிட்டது. இதைக்கூட மோப்பம் பிடிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன மேஸ்திரி?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எத்திராஜின் மச்சான் ரகுபதி கப்பலில் வேலை செய்கிறவர், போன வாரம்தான் லீவில் வந்திருந்தார். அவர் பார்க்காத துறைமுகம் இல்லை என்று எத்திராஜ் பீற்றிக்கொள்வான். அமெரிக்காவும் அதில் சேர்த்தி. ஆக, அவருக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்கும். நாங்கள் இத்தனை நாள் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தோம் என்று சொல்லியிருப்பார். சின்ன நம்பர்தான் பெரிசு.

அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, ஆனால் நிச்சயம் இல்லை. உண்மையிலேயே அவன் பெண் விளையாடக் கேட்டிருந்தால்? நான் சில்லறைகளை அடுக்கிக் கொடுத்து, ஆட்டம் பழையபடியே நடந்தால் ஐந்துக்கு ஐந்தும் போகும். கத்திரி வெயிலில் பச்சையம்மா அக்கா கூரைக்குக் கீழே, பேல் நடுவில். பெரிய நம்பரையே அடுக்கி, சின்னதுதான் ஜெயிக்கும் என்று அவன் மாற்றிவிட்டால், அப்போதும் அதே கதி. அன்றைக்கு இரண்டு டின்னையும் தரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். கோபமாக இருந்தது. என்னிடமே வந்து குப்பை கேட்கிறானே என்று கோபம். அந்தக் கோபத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

நாலு சில்லறை எடுத்தேன், இருப்பதிலேயே சின்னது. அத்தனையும் எத்திராஜ் ஆட்கள் என்னிடம் தள்ளிவிட்டவைதான். கடைசியாக எப்போதும் போல வெண்டைக்காயை வைத்தேன். எங்கள் பெண்களிடம் மூச்சு விடவில்லை. காலையில் டப்பாவை பாயிடம் கொடுத்தேன்.

சாப்பாட்டு வேளையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். நான் நினைத்தபடியே எத்திராஜ் பக்கத்தில் ரகுபதி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, குடோன் நாற்றத்தையே அமுக்குகிற சென்ட். மஜீது பாய் டப்பாவைத் திறக்கப் போகும்போது எத்திராஜ் கையைத் தூக்கினான்.

"பாய், ஒரு நிமிசம். இத்தினி நாளா நாம ஆடுனது கலீஜ் ஆட்டம். என் மச்சான் அமெரிக்காவுலயே இந்த ஆட்டத்தப் பாத்தவரு. அவரு சொல்லட்டும்."

ரகுபதி நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். "எறியிறவன் எறிவான், எதிர்ல கீறவன் கட்டையால அடிப்பான். அடிச்சு ஓடி ரன் எடுத்தா அது எறிஞ்சவன் தலைல வியும். இந்தக் கடைசி நம்பரு இன்னான்னா, ஒரு ஆட்டத்துக்கு அவன் வுட்டுக்குட்த்த ரன்னு. எவனுக்குக் கம்மியா கீதோ அவன்தான் கில்லாடி."

பச்சையம்மா அக்கா மெதுவாகக் கேட்டாள், "அப்ப எங்க வெண்டக்கா?"

எத்திராஜ் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பான் போல, ரகுபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒம்பது புள்ளி எம்பத்து நாலா? அவன் எறிஞ்சா எதிர் டீமுக்குத் தீவாளிதான்."

"அப்பிடியாப்பட்டவன அஞ்சு வருசம் இன்னாத்துக்கு வெச்சிருந்தாங்க?" என்று நான் கேட்டேன். இது நடிப்பில்லை. மெய்யாகவே எனக்குச் சுருக்கென்றது.

"தோத்துப்போன ஆட்டம்னு தெரிஞ்சா நல்ல ஆள எறக்கி கைய வீணாக்க மாட்டாங்க. இவன மாதிரி ஒருத்தன எறக்கி வுட்ருவாங்க. எவனாவது எறிஞ்சு ஆட்டத்த முட்ச்சு வெக்கணும்ல?"

எனக்கு வெண்டைக்காய் மேல் வருத்தம் வரவில்லை. இத்தனை வருஷம் தோற்ற ஆட்டத்தில் போய் நின்று, அடி வாங்கி வாங்கி முடித்து வைத்திருக்கிறான், அதுவும் சிரித்த முகமாக. அவனைப் பார்த்து இங்கே எல்லாரும் சிரிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அதனால இன்னியிலேர்ந்து நெசமான ரூலு," என்றான் எத்திராஜ். "சின்ன நம்பருதான் ஜெயிக்கும். இன்னா பாய் சொல்ற?"

பாய் என்னைப் பார்த்தார். "நீ ஒத்துக்கினாத்தான் செங்கொடி."

நான் உடனே தலையாட்டியிருந்தால் எத்திராஜ் உஷாராகியிருப்பான். அதனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினேன். "இன்னாய்யா நாயம் இது? டப்பாவ குட்த்தப்பறம் ரூல மாத்துவியா? நாளிக்கு உன் மாமியா வந்து வேற ஒண்ணு சொன்னா அத்தயும் ஆடணுமா?"

"நெசம் இன்னாவோ அதத்தானே சொல்றோம்?"

"இதுதான் நெசம்னா, இன்னொரு தபா மாத்த மாட்டியே? வடிவுடையம்மன் மேல சத்தியம் பண்ணு. சின்ன நம்பருதான் ஜெயிக்கும், இனிமே என்னிக்கும் அதான்னு."

திருவொற்றியூர்க்காரன் தன் ஊர் வடிவுடையம்மன் மேல் சத்தியம் பண்ணினால் மீற மாட்டான். கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினான், முகமெல்லாம் பல். பச்சையம்மா அக்கா என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். "பைத்தியமாடி நீ?" நான் திரும்பவில்லை. "சரி பாய், தெற," என்றேன்.

முதல் கார்டு. அவன் பக்கம் 2.60. என் பக்கம் 1.98.

எத்திராஜ் முகத்தில் பல் மறைந்துவிட்டது. குனிந்து என் கார்டைத் திருப்பிப் பார்த்தான், அவனே என்னிடம் தள்ளிவிட்ட கார்டு அது. "இது... இது எப்பிடி மே உன் அடுக்குல?"

"உன் பொண்ணு வெளையாடட்டும்னு வெச்சேன்."

எங்கள் பெண்கள் போட்ட கூச்சலில் தகரம் அதிர்ந்தது. ஆனால் எத்திராஜும் லேசுப்பட்டவன் இல்லை. பக்கத்துக் குடோனில் கெஞ்சிக் கூத்தாடி நல்ல கார்டு இரண்டு மூன்று சேர்த்திருந்தான். இரண்டாவது அவனுக்குப் போனது. மூன்றாவது எனக்கு. நாலாவதில் என்னுடையது 2.31, அவனுடையது 2.12. இரண்டுக்கு இரண்டு.

கடைசிக் கார்டு. பாய் முதலில் எத்திராஜுடையதை எடுத்து வைத்தார். ரகுபதி எட்டிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். 1.47. அது பக்கத்துக் குடோனில் வாங்கினதாகத்தான் இருக்கும். அப்புறம் பாய் என்னுடையதை எடுத்தார். படம் மேலே பார்க்க வைத்தார். விரிந்த காது, கோணல் சிரிப்பு.

"வெண்டக்கா!" எத்திராஜ் தரையிலிருந்து எம்பிக் குதித்தான். "அடி செங்கொடி, பழக்கதோசத்துல வெண்டக்காய வெச்சிட்டியே! ஒம்பது புள்ளி எம்பத்து நாலு! ம்மே, எங்க பலகைய எட்த்துப் போய் மூலைல போடுங்க!" அவன் ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். பச்சையம்மா அக்கா முந்தானையை எடுத்து வாய்க்கு நேரே கட்டப் போனாள்.

"யக்கா, அத்தக் கட்டாத," என்றேன். "பாய், கார்டத் திருப்பிப் படி. மொகத்த வெச்சா ஆடறோம்?"

பாய் திருப்பினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். ரகுபதியிடம் நீட்டினார். ரகுபதி வாங்கிப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"மச்சான், கீய எறங்கு," என்றார் எத்திராஜைப் பார்த்து. "முட்ட. சைபர் புள்ளி சைபர் சைபர்."

தோளில் இருந்தவனை அவன் ஆட்கள் இறக்கிவிட மறந்து அப்படியே நின்றார்கள்.

"மொத வருசத்துக் கார்டு இது," என்று ரகுபதி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "ஒரே ஒரு ஆட்டத்துலதான் எறக்கிகீறாங்க. அன்னிக்கு எவனுமே இவன அடிச்சு ஒரு ரன்னுகூட எடுக்கல. இதுக்குக் கீய நம்பரே கெடையாது. இத்த எவனாலயும் ஜெயிக்க முடியாது."

"ஆம்லெட்டு வோணுமா எத்திராஜு?" என்றேன்.

அதற்கப்புறம் அங்கே நடந்த கூத்தை எழுதி முடியாது. ஒருத்தி சாப்பாட்டு டப்பா மூடியைத் தட்டினாள், இன்னொருத்தி ஆடினாள், மஜீது பாயே கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பச்சையம்மா அக்கா மட்டும் அந்தக் கார்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஒரு நாள மனசுல வெச்சுக்கினுதான் அஞ்சு வருசமும் இவன எறக்கிகீறாங்கடி," என்றாள். "மறுபடி ஒரு நாள் அப்பிடி எறிவான்னு."

"எறிஞ்சானாக்கா?"

"எறிஞ்சானே, இன்னிக்கு."

சட்டப்படி எத்திராஜ் ஆட்கள் எங்கள் பலகைகளைத் தூக்கினார்கள். அக்காவின் பலகையை எத்திராஜே தூக்கினான். அவள் ஒரு பக்கம் கை கொடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். குடோனின் பாதி தூரம்தான், அதற்குள் அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அத்தனை பக்கத்தில் நடந்ததில் அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது. பலகையை ஜன்னலுக்கு நேரே போட்டான். அது ஆடாமல் இருக்க அடியில் அட்டையை மடித்துச் செருகினான். அக்கா உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். காற்று வந்து அவள் முன்னால் கிடந்த காகிதத்தைப் புரட்டியது.

அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். குரல் தாழ்ந்திருந்தது.

"எத்தினி நாளா மே இப்பிடி?"

"ரெண்டு வருசமா."

"சொல்லியிருந்தா நான் சும்மாவே வுட்டுக் குட்த்திருப்பேனே. ரெண்டு வருசமா இதுக்கா உங்களோட மல்லுக்கட்டிக்கினு கெடந்தேன்?"

"நீ வுட்டுக் குட்த்திருப்பேன்னு தெரியும்," என்றேன். "அதனாலதான் சொல்லல."

அவனுக்குப் புரியவில்லை. அதற்குள் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. மூச்சு வந்துவிட்டது என்பது குரலிலேயே தெரிந்தது. நெட்டுக்குப்பத்துத் தெருக்களை எழுப்பி உட்கார வைத்த அதே குரல், குடோன் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"அங்க இன்னா எத்திராஜு, மொகத்தத் தொங்க போட்டுக்கினு பேச்சு? போய் உன் கார்டப் பொறுக்கு. அட்த்த கண்டெய்னருக்கு ஒயுங்கா அடுக்கி எட்தா. சும்மா வுட்டுக் குட்த்த, கொன்னுடுவேன்!"

எத்திராஜ் முண்டாசை அவிழ்த்து உதறிக் கட்டினான்.

"குடுப்பனா?" என்று அவனும் குடோன் முழுக்கக் கேட்கக் கத்தினான். "மூலைய மூட்ட கட்டி வெய்யி. அட்த்த கண்டெய்னரு எங்குளுதுதான்!"

பச்சையம்மா அக்கா சிரித்துக்கொண்டே வெள்ளைக் காகிதத்தைத் தனியாக எடுத்துப் போட ஆரம்பித்தாள்.